பவுடர் டப்பாவுக்கு உள்கடன் கொடுக்கலாமா?



போன மாதம் எங்கள் குழுக் கூட்டத்தில் நடந்ததைச் சொல்லித்தான் இதை ஆரம்பிக்க வேண்டும். சேமிப்பு வசூல் முடிந்தது. உள்கடன் வேண்டியவர்கள் கேட்கலாம் என்று ஊக்குநர் சொன்னார். ஒருத்தர் ஆட்டுக்குக் கேட்டார். ஒருத்தர் மகளின் பஸ் பாஸுக்கும் நோட்டுக்கும் கேட்டார். மூன்றாவதாக எழுந்த உறுப்பினர் கொஞ்சம் தயங்கித்தான் பேசினார். "எனக்கு மூவாயிரம் வேணும்க்கா." "என்னத்துக்கு?" "பையன் ஜிம்முக்குப் போறான்ல, அவனுக்குப் பவுடர் டப்பா வாங்கணுமாம். அது குடிக்காம ஜிம்முக்குப் போனா உடம்பு உருகிப் போகும்னு சொல்றாங்களாம்."

இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். ஆனால் இன்னும் மூன்று பேர் சிரிக்கவில்லை. "எங்க வீட்லயும் இதே பாட்டுதான்" என்றார்கள். உடனே கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. "கடன் வாங்குறது அவ, கட்டப்போறதும் அவ, எதுக்குன்னு கேக்க நாம யாரு?" என்றது ஒரு பக்கம். "பிள்ளை உடம்புக்கு ஏதாவது ஆனா அப்புறம் குழுவும் சேந்துதானே அழணும்?" என்றது இன்னொரு பக்கம். கடைசியில், ஒரு வாரம் தள்ளிவைப்போம், விசாரித்துச் சொல்லுங்கள் என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். கிராம சுகாதார செவிலியரைப் பார்த்தேன், ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரம்மாவிடம் கேட்டேன், டவுனில் ஜிம் நடத்துகிற மாஸ்டர் ஒருவரிடமும் பேசினேன். தெரிந்துகொண்டதை எல்லாக் குழுக்களுக்கும் சொல்லலாம் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். பையன்கள் ஜிம்முக்குப் போவது கெட்ட பழக்கம் இல்லை. பாலத்துச் சுவரில் உட்கார்ந்து செல்போனைத் தேய்ப்பதற்கும், சாயங்காலம் ஆனால் டாஸ்மாக் பக்கம் நடப்பதற்கும் இது எவ்வளவோ மேல். அவன் போகட்டும். எவ்வளவு நேரம், என்ன சாப்பிட்டு, என்பதுதான் கேள்வி.

எவ்வளவு நேரம்?

அந்தப் பையனுக்கு 19 வயது, 60 கிலோ எடை. காலையில் இரண்டு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம், ஞாயிறு தவிர ஆறு நாளும் போகிறானாம். வீட்டுக்கு வந்தால் கையைத் தூக்கித் தலை சீவ முடியவில்லை, படியில் இறங்க முடியவில்லை. "அம்புட்டு கஷ்டப்படுறானே, அதுக்காகவாவது பவுடர் வாங்கிக் கொடுக்கணும்னு தோணுதுக்கா" என்றார் அம்மா.

உடம்பு ஜிம்மில் வளர்வதில்லை. ஜிம்மில் தசைக்குச் சோதனை வைக்கிறோம், அவ்வளவுதான். எடை தூக்கும்போது தசை நாருக்குள் நுணுக்கமான சேதம் ஏற்படுகிறது. அதைச் சரிசெய்து, முன்னைவிடக் கொஞ்சம் கெட்டியாகக் கட்டுவது அதன்பிறகு ஓய்விலும் தூக்கத்திலும் நடக்கிறது. பூசின சுவர் காயும் முன்னே மறுபடி கொத்தினால் எப்படி நிற்கும்? அதனால்தான் ஒரே தசைக்கு அடுத்தடுத்த நாள் பளு கொடுக்கக் கூடாது, இடையில் இரண்டு நாள் அளவுக்கு ஆற விட வேண்டும் என்கிறார்கள். இன்று நெஞ்சும் கையும் என்றால் நாளை காலும் இடுப்பும் செய்யலாம்.

புதிதாகச் சேர்ந்தவனுக்கு வாரத்தில் மூன்று நாள் போதும். ஒரு தடவைக்கு 45 நிமிஷத்திலிருந்து ஒரு மணி நேரம். அதில் முதல் பத்து நிமிஷம் கை கால் உதறி, மெதுவாக நடந்து, உடம்பைச் சூடாக்க வேண்டும். இதை விடுகிறவர்களுக்குத்தான் தோளும் முதுகும் பிடித்துக்கொள்கிறது. அப்புறம் அரை மணி, நாற்பது நிமிஷம் எடை. ஒரு பயிற்சியை எட்டிலிருந்து பன்னிரண்டு தடவை செய்வது, ஒன்று இரண்டு நிமிஷம் இளைப்பாறுவது, மறுபடி செய்வது என்று இரண்டு மூன்று சுற்று. கடைசியில் ஐந்து நிமிஷம் உடம்பைத் தளர்த்தி முடிக்க வேண்டும்.

சில இடங்களில் "45 நிமிஷத்துக்கு மேல ஒரு நிமிஷம் போனாலும் தசை கரைஞ்சிரும்" என்று பயமுறுத்துகிறார்களாம். அதுவும் சரியில்லை. உடம்புக்குள் அப்படி அலாரம் எதுவும் கிடையாது. ஒரு மணி நேரம் முறையாகச் செய்தால் அதற்கு மேல் செய்வதற்குத் தெம்பு மிச்சம் இருக்காது, அதுதான் கணக்கு. மூன்று மணி நேரம் ஜிம்மில் இருக்கிறேன் என்பவன் அதில் பாதி நேரம் கண்ணாடி முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருப்பான் என்று அந்த மாஸ்டரே சொல்லிச் சிரித்தார். நிஜமாகவே மூன்று மணி நேரமும் தூக்குகிறான் என்றால் அதுதான் கவலை.

ஏன் கவலை என்றும் சொல்ல வேண்டும். பழக்கம் இல்லாத உடம்பில் திடீரென்று அளவுக்கு மீறிப் பளு ஏற்றினால், அபூர்வமாகச் சிலருக்குத் தசை நார்கள் ஒரேயடியாகச் சிதைந்து, அந்தக் கழிவு ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும். சிறுநீர் டீ டிகாஷன் நிறத்தில் போகும். தசை வீங்கித் தாங்க முடியாத வலி இருக்கும். இது சாதாரண உடம்பு வலி இல்லை. எண்ணெய் தேய்த்து, சுக்குக் காபி கொடுத்துப் படுக்க வைக்காதீர்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பயிற்சியின்போது நெஞ்சு வலி, மயக்கம், கண் இருட்டுதல் வந்தாலும் அப்படித்தான், 108-ஐக் கூப்பிட்டுவிட வேண்டும்.

தூக்கத்தை யாரும் கணக்கில் சேர்ப்பதே இல்லை. ராத்திரி ஒரு மணி வரை செல்போன், காலை ஐந்து மணிக்கு ஜிம் என்றால் எந்தப் பவுடரும் உதவாது. ஏழெட்டு மணி நேரம் தூங்க வேண்டும்.

பவுடர் என்றால் என்ன?

டப்பாவைப் பார்த்தால் பயமாகத்தான் இருக்கிறது. கறுப்பு நிறம், புலி, சிங்கம், புடைத்த கை. உள்ளே இருப்பது பெரும்பாலும் பாலிலிருந்து வந்தது. பாலில் எலுமிச்சம்பழம் பிழிந்தால் திரிந்து கட்டி ஒரு பக்கம், பச்சைத் தண்ணீர் ஒரு பக்கம் என்று பிரியும் இல்லையா? பன்னீர் செய்பவர்கள் கட்டியை எடுத்துக்கொள்வார்கள். அந்தத் தண்ணீரிலும் புரதம் இருக்கிறது. வெளிநாடுகளில் சீஸ் செய்யும் ஆலைகளில் இந்தத் தண்ணீர் மலையாகச் சேரும். அதை வடிகட்டி, காயவைத்து, பொடியாக்கினதுதான் வே புரோட்டீன். புரதம் நூற்றுக்கு 70, 80 இருந்தால் கான்சன்ட்ரேட். இன்னும் வடித்து 90 வரை கொண்டுபோனால் ஐசோலேட், விலையும் கூடும். பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு முதல் வகை வயிற்றை உப்ப வைக்கும். முட்டை, சோயா, பட்டாணி, அரிசி இவற்றிலிருந்தும் பவுடர் செய்கிறார்கள். மந்திரமும் இல்லை, விஷமும் இல்லை. சாப்பாட்டில் இருக்கும் புரதத்தையே தனியாகப் பிரித்து, வாசனையும் இனிப்பும் சேர்த்து, டப்பாவில் அடைத்திருக்கிறார்கள்.

உடம்பு ஏற்றும் பவுடர் என்று இன்னொரு பெரிய டப்பா வருகிறது. கெயினர் என்பார்கள். மூன்று கிலோ, ஐந்து கிலோ என்று பார்வைக்கு லாபமாகத் தெரியும். அதில் பெரும்பகுதி மாவுச்சத்தும் சர்க்கரையும்தான். நம்ம வீட்டில் சோற்றுக்கும் சர்க்கரைக்கும் என்ன பஞ்சம்? அதை வாங்கவே வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

எவ்வளவு புரதம் வேண்டும்?

ஐதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் நம் நாட்டு மக்களுக்குக் கணக்குப் போட்டு வைத்திருக்கிறது. பெரியவர்களுக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளைக்கு 0.83 கிராம் புரதம். 60 கிலோ இருக்கும் பையனுக்கு 50 கிராம். எடை தூக்கிப் பயிற்சி செய்பவனுக்குக் கூடுதலாக வேண்டும். கிலோவுக்கு 1.2 கிராமிலிருந்து 1.6 கிராம் வரை என்று வைத்துக்கொண்டால் 72 முதல் 96 கிராம் வருகிறது. 1.6 கிராமுக்கு மேலே எவ்வளவு கொட்டினாலும் தசைக்குக் கூடுதல் பலன் இல்லை. இதே நிறுவனம் 2024 மே மாதம் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், உடம்பு ஏற்றுவதற்காகப் புரதப் பவுடர் சாப்பிடுவதைத் தவிருங்கள் என்றே ஒரு தனிக் குறிப்பு கொடுத்திருக்கிறது.

சரி, அந்தப் பையன் வீட்டில் சாப்பிடுவது எவ்வளவு? அம்மாவையும் உட்கார வைத்து ஒரு நோட்டில் எழுதினோம்.

காலையில் நாலு இட்லி, சாம்பார். அதில் 11 கிராம். மதியம் 200 கிராம் அரிசிச் சோறு, அதற்கு 15 கிராம். சாம்பாரில் அவன் பங்குக்கு வரும் பருப்பில் 6, ஒரு முட்டையில் 6. ராத்திரி நாலு தோசை, 10 கிராம். மொத்தம் 48. சாதாரண ஆளுக்கு ஏறக்குறைய சரியாக இருக்கிறது, ஜிம் போகிறவனுக்குப் போதவில்லை. அதாவது பையன் கேட்டது முழுக்கத் தப்பில்லை. அவனுக்கு இன்னும் 25, 30 கிராம் வேண்டும் என்பது நிஜம். அது டப்பாவிலிருந்துதான் வரவேண்டும் என்பதுதான் தப்பு.

சாயங்காலம் 50 கிராம் கொண்டைக்கடலை ஊறவைத்து அவித்த சுண்டல். 9 கிராம். ஒரு கைப்பிடி, அதாவது 30 கிராம் வேர்க்கடலை. 7 கிராம். ராத்திரி இன்னொரு முட்டை 6, ஒரு டம்ளர் பால் 6. மொத்தம் 28 கிராம் சேர்ந்துவிட்டது. கூட்டினால் 76. விலை ஊருக்கு ஊர் மாறும், எங்கள் பக்கம் இத்தனைக்கும் சேர்த்து 25 ரூபாயிலிருந்து 30 ரூபாய்க்குள் அடங்குகிறது. அவன் கேட்ட டப்பா ஒரு கிலோ 2,800 ரூபாய். 30 கிராம் கரண்டிக்கு ஒரு கரண்டி என்றால் 33 தடவை வரும். ஒரு தடவைக்கு 85 ரூபாய். டப்பாவில் எழுதியிருப்பதை அப்படியே நம்பினாலும் கிடைப்பது 24 கிராம் புரதம்.

ரேஷன் கடையில் 30 ரூபாய்க்கு ஒரு கிலோ துவரம் பருப்பு தருகிறார்கள். அதில் 220 கிராம் புரதம் இருக்கிறது. ஒன்பது கரண்டி பவுடருக்குச் சமம். பருப்புப் புரதம் மட்டம், பவுடர் புரதம் ஒசத்தி என்பார்கள். அதில் பாதி உண்மை. புரதம் என்பது பல மணிகள் கோத்த மாலை மாதிரி. அரிசியில் ஒரு மணி குறைச்சல், பருப்பில் வேறொரு மணி குறைச்சல். இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டால் ஒன்றின் குறையை மற்றது நிரப்பிவிடுகிறது. சாம்பார் சோறு, வெண்பொங்கல், உளுந்து போட்ட இட்லி எல்லாம் அப்படி அமைந்தவைதான். மூன்று பங்கு அரிசிக்கு ஒரு பங்கு பருப்பு வேண்டும். நம்ம சாம்பாரில் பருப்பைத் தேட வேண்டியிருக்கிறது என்பதுதான் பிரச்சினை. உளுந்து, பாசிப்பயறு, தட்டப்பயறு, கொள்ளு எதுவானாலும் நூறு கிராமில் இருபது கிராமுக்கு மேல் புரதம் இருக்கிறது. மளிகைக்கடைச் சோயா உருண்டையில் நூறு கிராமுக்கு 50 கிராம். கறி, மீன், கருவாடு கிடைக்கிற நாளில் கேட்கவே வேண்டாம்.

இடையில் நம்ம சரக்கைப் பற்றியும் ஒரு உண்மை. குழுக்களில் அரைத்து விற்கிற சத்துமாவை "புரோட்டீன் பவுடர்" என்று சொல்லி விற்காதீர்கள். கம்பு, கேழ்வரகு, கோதுமை, அரிசி என்று அதில் தானியம்தான் அதிகம். கஞ்சிக்கு நல்ல மாவு, குழந்தைக்கும் வயசானவர்களுக்கும் ஏற்றது, ஆனால் புரதப் பவுடர் அல்ல. புரதம் கூட வேண்டும் என்றால் பொட்டுக்கடலை, பாசிப்பயறு, வேர்க்கடலை அளவைக் கூட்டி அரையுங்கள். அங்கன்வாடியில் கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் கொடுக்கும் சத்துமாவு மாட்டுத் தொட்டிக்குப் போவதையும் நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதைப் பற்றி இன்னொரு நாள் சண்டை போடுவேன்.

டப்பாவில் எழுதியிருப்பதை நம்பலாமா?

இதை விளக்க உரக்கடை ஞாபகம் போதும். யூரியாவில் என்ன இருக்கிறது? தழைச்சத்து. புரதத்திலும் தழைச்சத்து இருக்கிறது. சோதனைச் சாலையில் புரதத்தை அளக்கும் வழக்கமான முறை என்னவென்றால், பொருளில் எவ்வளவு தழைச்சத்து இருக்கிறது என்று கண்டுபிடித்து 6.25-ஆல் பெருக்குவது. ஏமாற்ற நினைப்பவன் தழைச்சத்து உள்ள வேறு மலிவான பொருளைக் கலந்தால் போதும், கணக்கில் புரதம் கூடிவிடும். சீனாவில் 2008-இல் இப்படித்தான் குழந்தைகளுக்கான பால்பவுடரில் மெலமைன் என்ற ரசாயனத்தைக் கலந்தார்கள். பிளாஸ்டிக் தட்டு செய்யப் பயன்படும் பொருள் அது. சுமார் 3 லட்சம் குழந்தைகளுக்குச் சிறுநீரகக் கோளாறு வந்தது, 6 குழந்தைகள் இறந்தன.

நம் நாட்டில் அவ்வளவு பெரிய கொடுமை நடக்கவில்லை. ஆனால் கேரளாவைச் சேர்ந்த மருத்துவர் ஒருவர் தலைமையில் ஒரு குழு, இந்தியாவில் விற்கும் 36 வகைப் புரதப் பவுடர்களைச் சோதித்து 2024-இல் முடிவை வெளியிட்டது. ஏறக்குறைய நூற்றுக்கு 70 பவுடர்களில், லேபிளில் போட்டிருந்த புரத அளவும் உள்ளே இருந்த அளவும் ஒத்துப்போகவில்லை. சிலவற்றில் சொன்னதில் பாதிதான் இருந்தது. நூற்றுக்கு 14-இல் அஃப்ளடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சு. ஈரமான வேர்க்கடலையில் பச்சையாகப் பூக்குமே, அந்த வகைப் பூஞ்சைதான் அதை உண்டாக்கும். ஈரலைக் கெடுப்பது. நூற்றுக்கு 8-இல் பூச்சிமருந்தின் மிச்சம்.

இவ்வளவு கேட்ட பிறகும் வாங்கத்தான் போகிறோம் என்றால், பார்த்து வாங்குங்கள். பில் இல்லாமல் எதையும் வாங்காதீர்கள். ஜிம்மிலேயே பேப்பரில் மடித்தோ, சீல் பிரித்த டப்பாவிலிருந்தோ கொடுத்தால் கண்டிப்பாக வேண்டாம். சில இடங்களில் மாஸ்டருக்கு டப்பாவுக்கு இவ்வளவு என்று கமிஷன் உண்டு, அதனால் அவர் சொல்வதையும் கொஞ்சம் கழித்துத்தான் கேட்க வேண்டும். டப்பாவில் உணவுப் பாதுகாப்பு உரிமம், எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண் 14 இலக்கத்தில் இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். சத்துமாவும் ஊறுகாயும் விற்கும் நம்ம குழுக்களுக்கும் வேண்டியது இதே மாதிரி எண்தான், அதனால் நமக்குப் புதிது இல்லை. தயாரித்த தேதி, காலாவதித் தேதி, பேட்ச் எண், இறக்குமதி என்றால் இறக்குமதி செய்தவர் முகவரி, எல்லாம் இருக்க வேண்டும். சேர்மானப் பட்டியலில் முதலில் எதை எழுதியிருக்கிறார்களோ அதுதான் உள்ளே அதிகம். முதல் பெயரே சர்க்கரை, மால்டோடெக்ஸ்ட்ரின் என்றால் அது புரதப் பவுடர் இல்லை. நூறு கிராமுக்கு எத்தனை கிராம் புரதம் என்று பாருங்கள், முன்பக்கத்துப் பெரிய எழுத்தை விட்டுவிடுங்கள். "ஒரே மாதத்தில் பத்து கிலோ" என்று போட்டிருந்தால் டப்பாவைத் திரும்ப வைத்துவிடுங்கள். புதிதாகப் பயிற்சி செய்பவனுக்கு மாதம் அரை கிலோ, ஒரு கிலோ தசை ஏறினாலே பெரிசு. சந்தேகம் வந்தால் மாவட்டத்தில் உணவுப் பாதுகாப்புத் துறையின் நியமன அலுவலர் இருக்கிறார், மனுக் கொடுக்கலாம்.

சிறுநீரகக் கோளாறு, சிறுநீரகக் கல், சர்க்கரை, ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குத் தேவையே இல்லை. நோயில் கிடந்து சாப்பாடு இறங்காதவர்களுக்குச் சில சமயம் டாக்டரே எழுதிக் கொடுப்பார், அது வேறு விஷயம். காசநோய்க்கு மருந்து சாப்பிடுபவர்களுக்கு ஊட்டச்சத்துக்காக 2018-இல் தொடங்கிய திட்டத்தில் மாதம் 500 ரூபாய் கணக்கில் போட்டார்கள், 2024 நவம்பரிலிருந்து அதை 1,000 ஆக்கினார்கள். அந்தப் பணத்தில் முட்டையும் பயறும் வாங்கினால் டப்பாவைவிட நிறைய நாள் வரும்.

ஊசி என்றால் உஷாராகுங்கள்

பவுடரைவிட எனக்குப் பயம் இதில்தான். பவுடர் வேலை செய்யவில்லை என்றதும் அடுத்த படியாக "ஒரு ஊசி போட்டுக்கோ, மூணு மாசத்துல ஏறிரும்" என்று காதில் ஓதுகிறவர்கள் இருக்கிறார்கள். அது ஸ்டீராய்டு. ஆண்களுக்கான ஹார்மோனைச் செயற்கையாகச் செய்தது. உடம்பு வேகமாக ஏறும் என்பது உண்மை. ஆனால் வெளியிலிருந்து வந்துகொண்டிருந்தால் உடம்பு தானாகச் சுரப்பதை நிறுத்திவிடும். விதைப்பை சுருங்கும், விந்து குறையும், பிள்ளை பிறக்காமல் போகலாம். மார்பு பெண்களைப் போலப் பெருக்கலாம். ஈரலும் இதயமும் கெடும். முகத்திலும் முதுகிலும் திடீரென்று நிறையப் பரு, சின்ன விஷயத்துக்கெல்லாம் அடிக்கப் பாயும் கோபம், பையில் சிரிஞ்சு, பெயர் தெரியாத மாத்திரை, இவற்றைப் பார்த்தால் சும்மா இருக்காதீர்கள். அப்பாவிடம் சொல்லி அடிக்க வைக்காமல், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். சில மலிவான பவுடரில் இதையே கலந்துவிடுவதும் உண்டு. உணவுப் பொருளில் ஹார்மோனும் ஸ்டீராய்டும் சேர்ப்பதற்குச் சட்டத்தில் தடை இருக்கிறது. தடை இருந்தும் கலக்கிறவன் கலக்கிறான்.

அம்மா என்ன சாப்பிட்டார்?

பையன் கணக்கு முடிந்ததும் கிராம சுகாதார செவிலியர் நோட்டைத் திருப்பி, "நீங்க நேத்து என்ன சாப்பிட்டீங்க? அதையும் சொல்லுங்க" என்றார். அந்த உறுப்பினர் சிரித்தார். "என்னையா கேக்குறீங்க?"

காலையில் பழைய சோறும் வெங்காயமும். 7 கிராம். மதியம் சோறு, சாம்பாரில் பருப்பு அடியில் இருந்தது மகனுக்கும் வீட்டுக்காரருக்கும் போய்விட்டது, மேலே நின்ற தண்ணி இவருக்கு. 12 கிராம் என்று தாராளமாகப் போட்டோம். ராத்திரி மிஞ்சிய இரண்டு தோசை, 5 கிராம். டீ இரண்டு வேளை, அதில் பாலுக்கு 2 கிராம். முட்டை? "மூணு முட்டைதான் இருந்துச்சு." மொத்தம் 26. அவர் எடை 48 கிலோ. அவருக்கு வேண்டியது 40 கிராம். பகல் முழுவதும் களை வெட்டிவிட்டு வந்து தண்ணீர் தூக்குகிற உடம்பு அது.

ஜிம்முக்குப் போகும் பையனுக்குக் குறைந்ததும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, அம்மாவுக்குக் குறைந்ததும் மூன்றில் ஒரு பங்கு. ஆனால் அம்மாவுக்கு என்று யாரும் உள்கடன் கேட்கவில்லை. 2019-21-இல் எடுத்த தேசிய குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை. எங்கள் குழுவில் பன்னிரண்டு பேர். கணக்குப்படி ஆறு பேருக்கு இருக்க வேண்டும். படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்பதை எல்லோரும் வயசு என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

"நாங்க பாக்குற வேலைக்குத் தனியா உடற்பயிற்சி வேற வேணுமா?" என்று அந்தக் கூட்டத்திலேயே ஒருத்தர் கேட்டார். நியாயமான கேள்வி. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்னபடி பெரியவர்களுக்கு வாரத்தில் 150 நிமிஷமாவது உடல் உழைப்பு வேண்டும். நாற்று நடுவதும் விறகு சுமப்பதும் அதில் சேரும், நாம் அதை ஒரே நாளில் முடித்துவிடுவோம். ஆனால் நம்ம வேலை எல்லாம் குனிந்தே செய்வது. ஒரே பக்கத்து இடுப்பில் குடம். முதுகும் முட்டியும் தேய்கிறது, தொடையிலும் தோளிலும் பலம் கூடுவதில்லை. நாற்பது வயசுக்குமேல் தசை தானாகவே குறைய ஆரம்பிக்கும். தையல் மெஷினிலும், குழுக் கணக்கிலும் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இன்னும் சீக்கிரம். அதனால் வாரத்தில் இரண்டு நாளாவது பலம் சேர்க்கிற பயிற்சி வேண்டும் என்று அதே நிறுவனம் சொல்கிறது. இதற்கு ஜிம் வேண்டாம். கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்துத் தடவை எழுந்து உட்காருங்கள். சுவரில் இரு கையையும் வைத்துச் சாய்ந்து தள்ளுங்கள், பத்துத் தடவை. சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குங்கள். இரண்டு சுற்று, கால் மணி நேரம். முட்டி வலித்தால் நாற்காலிக்குப் பதில் கட்டிலில் உட்கார்ந்து பாருங்கள், அதிலும் வலித்தால் விட்டுவிடுங்கள். எங்கள் குழுவில் கூட்டம் ஆரம்பிக்கும் முன் இதைச் செய்து பார்த்தோம். முதல் நாள் சிரிப்பில் பாதி நேரம் போனது. நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழ முடியாதவர் மூன்று பேர் இருந்தார்கள். மூவருக்கும் ஐம்பது வயசுகூட ஆகவில்லை.

இனி அந்த மூவாயிரம் ரூபாய்க் கதைக்கு வருகிறேன். எங்கள் குழுவில் நூற்றுக்கு ஒன்றரை வட்டி. பத்துத் தவணையில் கட்டினால் வட்டி மட்டும் 250 ரூபாய்க்குப் பக்கம் வரும். டப்பா ஒரு மாதத்தில் தீர்ந்துவிடும், தவணை பத்து மாதம் ஓடும். இதை ஊக்குநர் போர்டில் எழுதிக் காட்டினார். யாரும் முடியாது என்று சொல்லவில்லை. கேட்கிற உரிமை அவருக்கு இருக்கிறது, கொடுக்கிறோம், யோசித்துச் சொல் என்றுதான் சொன்னோம். அந்த உறுப்பினர் மூவாயிரம் கேட்டதை ஆயிரத்து ஐந்நூறாக்கி வாங்கினார். நாலு நாட்டுக் கோழியும், ஒரு பஞ்சாரமும், மிச்சத்துக்குக் கொண்டைக்கடலையும் வேர்க்கடலையும். தீர்மான நோட்டில் "கோழி வளர்ப்பு" என்று எழுதியிருக்கிறது.

பையன் இன்னும் முறைத்துக்கொண்டுதான் இருக்கிறானாம். ஆனால் சாயங்கால ஜிம்மை விட்டுவிட்டான், சுண்டலையும் சாப்பிடுகிறான், வேர்க்கடலை மட்டும் பிடிக்கவில்லை என்கிறான். போன வாரம் ரோட்டில் என்னைப் பார்த்து, "பெரியம்மா, உங்களாலதான் எனக்கு டப்பா போச்சு" என்றான். "உங்கம்மா முட்டை சாப்பிடுறாளா?" என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "கேட்டுச் சொல்றேன்" என்றான்.